முழங்காலின் புதிய நார் ஆறிவிட்டதா?

தோலின் மேல் ஏற்பட்ட புண் ஆறுவதை எவரும் கண்ணாற் காணலாம். குருதி உறையும், பொருக்குக் கட்டும், சில நாட்களிற் பொருக்கு உதிர்ந்து, அதன்கீழ் இளஞ்சிவப்பான புதுத்தோல் தோன்றும். வைத்தியம் படியாத ஆச்சிகூட அதைப் பார்த்து, “இனிப் பயமில்லை” என்று சொல்லிவிடுவார். ஆனால், உடலின் உள்ளே, இரண்டு எலும்புகளின் இடுக்கிலே இருந்த ஒரு நார் அறுந்துபோய், அதன் இடத்திற் சத்திர வைத்தியர் வேறொரு நாரைப் பொருத்தியிருப்பாராயின், அஃது ஆறிவிட்டதா, இல்லையா என்பதை யார் பார்த்துச் சொல்வது?

இக் கேள்வி ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும் உரியதன்று. பாடசாலைக் குழுவில் உதைபந்தாட்டமோ வலைப்பந்தாட்டமோ ஆடும் ஒரு பிள்ளைக்கு முழங்காலிற் சத்திரசிகிச்சை நடந்து ஆறு மாதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீக்கம் வற்றிவிட்டது, நோவு இல்லை, மாடிப்படி ஏறுவதிலும் இறங்குவதிலும் தடை இல்லை. “இனி நான் விளையாடலாமா?” என்று பிள்ளை நாள்தோறும் கேட்கிறது. அடுத்த மாதம் நடக்கவிருக்கும் போட்டியை எண்ணிப் பயிற்றுநரும் அதே கேள்வியைக் கேட்கிறார். “ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடுமே” என்று பெற்றோர் நினைப்பது இயல்பே. அந்தப் படம் எவற்றைக் கூறவல்லது, எவற்றைக் கூறமாட்டாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது குடும்பத்தார் யாவர்க்கும் பயன் தருவதாகும். ஆகவே, இங்கு அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

குறுக்கே கிடக்கும் இரு நார்கள்

எலும்போடு எலும்பைப் பிணைத்து வைப்பதைப் பிணைநார் என்றும், தசையை எலும்போடு இணைப்பதைத் தசைநாண் என்றும் கூறுவோம். முழங்கால் மூட்டின் நடுவிலே இரண்டு பிணைநார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கிடக்கின்றன. அவற்றுள் முன்னாலுள்ளது முன் குறுக்குப் பிணைநார். பின்னாலுள்ளது பின் குறுக்குப் பிணைநார். முன் குறுக்குப் பிணைநார் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் நீளமும், ஒரு சுண்டுவிரலின் பருமனும் உடையது. உருவத்தில் இத்துணைச் சிறியதாயினும், கணைக்கால் எலும்பு முன்னோக்கி வழுகாமலும், உடல் திரும்பும்போது மூட்டு அளவுக்கு மேல் முறுகாமலும் காப்பது இதுவே.

இந்த நார் அறுவதற்குப் பிறர் வந்து மோதவேண்டும் என்பதில்லை. ஓடிவந்த வேகத்திற் சட்டென நிற்கும்போதும், துள்ளி விழும்போதும், காலை ஊன்றியபடி உடலைத் திருப்பும்போதும் இது பெரும்பாலும் அறுந்துபோகின்றது. “டக்” என்று ஓர் ஓசை கேட்டதாகப் பலர் கூறுவர். சில மணி நேரத்துள் மூட்டுக்குள்ளே குருதி நிறைந்து முழங்கால் வீங்கிவிடும்.

அறுந்த நார் தானாகவே ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்கலாம். பிற இடங்களில் அறுந்த முனைகளுக்கு நடுவே குருதி உறைந்து, அந்த உறைகட்டியே புதிய இழையம் வளர்வதற்குப் பாலமாக அமையும். முழங்கால் மூட்டின் உள்ளேயோ வழுவழுப்பான மூட்டுத்திரவம் எப்பொழுதும் சூழ்ந்திருத்தலால், அந்தப் பாலம் நிலைத்து நிற்பது அரிது. எனினும், சிலரிடத்தில் நார் தானாகவே மீண்டும் பொருந்துவதுண்டு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. 2010 ஆம் ஆண்டில் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றிற் கலந்துகொண்ட இளம் வயதினர் 121 பேர். அவர்களுள் முதலிற் பயிற்சியை மட்டும் மேற்கொண்டு, தேவைப்பட்டாற் பின்னர் சத்திரசிகிச்சை செய்வதென விடப்பட்ட பிரிவினரிற் பாதிக்கு மேற்பட்டோர், இரண்டாண்டு வரை சத்திரசிகிச்சை இன்றியே இருந்தனர். ஆகவே, நார் அறுந்தோர் எல்லோரும் கத்திக்கு உட்பட வேண்டுமென்பதில்லை. ஆயினும், பாய்ந்தும் திரும்பியும் ஆடும் விளையாட்டுக்களுக்கு மீள விரும்புவோருக்கும், மூட்டு அடிக்கடி நழுவுவோருக்கும் வைத்தியர்கள் பெரும்பாலும் புதிய நார் பொருத்துமாறு கூறுகின்றனர்.

ஒட்டுநார்

1895 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மேயோ றொப்சன் என்னும் சத்திர வைத்தியர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்குப் பிணைநார்களைத் தைத்துப் பொருத்தினார். 1917 இற் பிறிஸ்டல் நகரின் ஹே குறோவ்ஸ் என்பவர், அறுந்ததைத் தைப்பதை விடுத்து, தொடையின் வெளிப்புறத்திலுள்ள தசையுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பிலே துளையிட்டு, அதன் வழியாகச் செலுத்திப் புதிய நாராக அமைத்தார். இன்று செய்யப்படும் சத்திரசிகிச்சையும் அடிப்படையில் அதே வழியையே பின்பற்றுகின்றது. முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாணின் நடுப்பகுதியையோ, தொடையின் பின்புறத் தசைநாண்களையோ எடுத்து, தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் குடைந்த துளைகளின் வழியே செலுத்தி, திருகாணி முதலியவற்றால் இறுக்குவர். சிறு துவாரத்தினூடே குழாய்க் கமராவைச் செலுத்தி இவ்வேலையைச் செய்வதால், முன்னாளைப்போல மூட்டை அகலத் திறக்க வேண்டியதில்லை.

இவ்வாறு பொருத்தப்படுவதை ஒட்டுநார் என்று நாம் குறிப்பிடலாம். ஒட்டுமாங்கன்று வைப்போர், ஒட்டுக்கட்டிய அன்றே கன்று பிழைத்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள். கட்டுக் கயிறு தண்டை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆனால் உள்ளே சாறு ஓடத் தொடங்கினாலன்றி அந்த ஒட்டுக்கு உயிரில்லை. முழங்காலிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. திருகாணி அன்றைக்கே இறுக்கிப் பிடித்துவிடுகின்றது. உயிரோ மெல்ல மெல்லத்தான் வருகின்றது.

மாண்டு பிறக்கும் நார்

தன் இடத்தை விட்டு வெட்டி எடுக்கப்பட்ட தசைநாணுக்குக் குருதியோட்டம் அற்றுப்போகின்றது. எனவே முதல் வாரங்களில் அதிலுள்ள கலங்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. எஞ்சுவது கொல்லாஜன் என்னும் புரத இழைகளாலாகிய வெறும் சட்டகமே. அதன்பின் சுற்றிலுமுள்ள இழையங்களிலிருந்து நுண்ணிய குருதிக் குழாய்களும் புதிய கலங்களும் அச் சட்டகத்தினுள்ளே புகுகின்றன. பழைய இழைகளைக் கலைத்துப் புதிய இழைகளை நெய்கின்றன. பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டே, அதன் உள்ளே குடியிருந்தபடி புதுவீடு கட்டுவதைப் போன்ற வேலை இது.

1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிட் அமியேல் என்பவரும் அவருடன் உழைத்தோரும், முயல்களின் முழங்காலில் இதனை ஆராய்ந்து, பொருத்தப்பட்ட தசைநாண் சிறிது சிறிதாகப் பிணைநாரின் இயல்பை ஏற்பதைக் கண்டனர். முயல்களில் 30 வாரங்களிற் காணப்பட்ட இம் மாற்றம் மனிதரில் அதனினும் மெதுவாகவே நிகழ்கின்றது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடிக்கின்றது. அவ்வாறு மாறிய பின்னரும், இயற்கை தந்த பழைய நாருக்கு அது முற்றிலும் ஒப்பாகிவிடுவதில்லை.

இங்கே பெற்றோரும் பிள்ளைகளும் மனத்திற் பதிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொருத்திய நாளில் ஒட்டுநார் உறுதியானதாகவே இருக்கும். பழைய இழைகள் கலைந்து, புதிய இழைகள் இன்னும் முறையாக அமையாத இடைக்காலத்திலே தான் அது மிகவும் நலிந்திருக்கின்றது. விலங்குகளிற் செய்த ஆய்வுகளின்படி, சத்திரசிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்கள் வரையுள்ள காலம் இத்தகையது. நோயாளியோ அக்காலத்தில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு, “எனக்கு ஒன்றுமில்லை” என்று நடக்கத் தொடங்கியிருப்பார். நோவு குறைவதும் நார் வலுப்பெறுவதும் ஒரே வேகத்தில் நடப்பனவல்ல.

படம் பிடிக்கும் முறை

எக்ஸ் கதிர்களை றொன்ட்ஜன் கண்டுபிடித்ததும் மேற்கூறிய 1895 ஆம் ஆண்டிலேயே. எலும்பையும், எலும்பிற் குடைந்த துளைகளையும், உலோகத் திருகாணியையும் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாகக் காட்டும். நாரையோ அது காட்டாது. நாரைக் காண்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1946 இல் பீலிக்ஸ் புளொக், எட்வேட் பேர்சல் ஆகிய இருவரும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்கள், தமக்குப் பொருந்திய வானொலி அலையை ஏற்று, அதற்கு விடையளிக்கின்றன என்பதே அவ்வுண்மை. 1973 இல் போல் லோட்டர்பர் அந்த விடையைக்கொண்டு நீர் நிறைந்த சிறு குழாய்களின் உருவத்தைப் படமாக அமைத்துக் காட்டினார். அவரும், இம்முறையை விரைவுபடுத்திய பீற்றர் மான்ஸ்பீல்டும் 2003 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். வைத்தியசாலைகளில் எம். ஆர். ஐ. என வழங்கும் காந்தப் பரிவுப் படம் இதுவே.

நம் உடலிற் பெரும்பகுதி நீர்; நீரில் ஐதரசன் உண்டு. அந்த ஐதரசன் அணுக்கருக்களே இப் படத்துக்கு ஆதாரம். 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. அதனுள்ளே நோயாளி அசையாமற் படுத்திருக்க, பொறி வானொலி அலைகளை அனுப்பி, உடலிலிருந்து வரும் விடையைக் கேட்கின்றது. இதில் எக்ஸ் கதிர் இல்லை, நோவும் இல்லை. தடதடவென்ற பேரொலி மட்டும் உண்டு. காந்தம் வலியதாகையால், உடலினுள்ளே இதயமுடுக்கியோ வேறு உலோகமோ இருப்பின் அதனை முன்கூட்டியே கூறிவிடல் வேண்டும்.

தடையின்றி அசையும் நீர் நெடுநேரம் விடையளிப்பதால், அதனை வெண்மையாகக் காட்டும் வகையிலே படத்தை அமைக்கலாம். நெருங்கி அடுக்கிய கொல்லாஜன் இழைகளிடையே சிறைப்பட்ட நீரோ, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு சில பங்கு நேரத்திற்குள்ளேயே ஓய்ந்துவிடுகின்றது. பொறி கேட்கத் தொடங்குமுன் அதன் குரல் அடங்கிவிடுகின்றது. ஆகவே நல்ல பிணைநாரும் நல்ல தசைநாணும் படத்திற் கறுப்பாகவே தோன்றும். இழைகள் கலைந்து, நீரும் குருதிக் குழாய்களும் புகுந்த நார் சாம்பல் நிறமாகத் தோன்றும்.

கறுப்பு, சாம்பல், மீண்டும் கறுப்பு

இனி ஒட்டுநாரின் படத்தை வாசிப்பது எளிதாகும். சத்திரசிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் ஒட்டுநார் கறுப்பாக இருக்கும். வெட்டி எடுத்த தசைநாணின் பழைய இழைகள் இன்னும் கலையவில்லை. பின்னர் படிப்படியாகச் சாம்பல் நிறம் ஏறும். ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் அது மிகுந்து காணப்படும். அதன்பின் ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குள் மெல்ல மெல்ல மீண்டும் கறுக்கும். ஆறாம் மாதத்துப் படத்திற் சாம்பலைக் கண்டு, “நார் பழுதாகிவிட்டது” என்று கலங்க வேண்டியதில்லை. முதல் மாதத்துக் கறுப்பைக் கண்டு, “ஆறிவிட்டது” என்று மகிழ்வதற்கும் இடமில்லை.

கண்ணளவில் நிறத்தை மதிப்பது போதாதென்று, ஆய்வாளர் அதனை எண்ணாலும் அளக்கின்றனர். ஒட்டுநாரின் ஒளிர்வையும், அதே படத்திலுள்ள பழுதுபடாத பின் குறுக்குப் பிணைநாரின் அல்லது தொடையின் முன்புறத் தசைநாணின் ஒளிர்வையும் ஒப்பிட்டு ஒரு விகிதம் காண்பது அவர்களின் வழக்கம்.

நிறத்தை விட வேறு பலவற்றையும் படம் காட்டும். எலும்புத் துளைகள் உரிய இடத்தில் உள்ளனவா, நார் தொடர்ச்சியாகச் செல்கின்றதா, பிறைவடிவக் கசியிழையம் கிழிந்துள்ளதா, நாரின் முன்னே தழும்புத் திரளொன்று வளர்ந்து காலை முற்றாக நீட்டவிடாமற் தடுக்கின்றதா என்பனவற்றை அறிவதிற் படத்துக்கு நிகரில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியர் ஸ்டீபன் ஹொவெல் இத்தகைய படங்களைக்கொண்டே ஒரு குறையைக் கண்டுபிடித்தார். கணைக்கால் எலும்பின் துளை அளவுக்கு மீறி முன்னால் அமைந்தால், காலை நீட்டும்போது தொடை எலும்புக் குழிவின் கூரையிலே ஒட்டுநார் உராய்கின்றது. அவ்வாறு உராய்ந்த பகுதி படத்திலே சாம்பல் நிறமாகத் தோன்றியது. துளையைச் சற்றுப் பின்தள்ளி அமைக்கவேண்டும் என்பதை வைத்தியர்கள் உணர்வதற்கு அது உதவியது.

படத்தின் எல்லை

அங்ஙனமாயின், நாரின் வலிமையையும் நிறத்தைக்கொண்டே சொல்லிவிடலாமல்லவா? 2001 இற் பேர்லின் நகர ஆய்வாளர் அன்றியாஸ் வைலரும் அவர் குழுவினரும் செம்மறியாடுகளில் இரண்டாண்டு இதனை ஆராய்ந்தனர். படத்தில் ஒளிர்வு மிகுந்திருந்த காலத்தில் நாரின் வலிமை குறைந்திருந்தது. ஒளிர்வு தணியத் தணிய வலிமை கூடியது. ஆட்டின் நாரை எடுத்து, அறும்வரை இழுத்துப் பார்க்க முடிந்ததால் இவ்வுண்மை வெளிப்பட்டது. மனிதரின் நாரை எடுத்து அவ்வாறு இழுத்துப் பார்த்தல் இயலாது. மனிதரிற் படத்தின் நிறத்துக்கும், மூட்டின் உறுதிக்கும், ஆடுகளத்தில் அது தாங்கும் சுமைக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஐயமற நிலைநாட்டப்படவில்லை.

படம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. நாரின் இழைகள் காந்தப் புலத்துக்கு ஏறக்குறைய 55 பாகை சரிவாக அமைந்தால், நல்ல நாருங்கூடச் சில வகைப் படங்களிற் சாம்பல் நிறமாகத் தோன்றும். உலோகத் திருகாணியின் அருகே படம் குலைந்துவிடும். ஒரு வைத்தியசாலையின் பொறியில் எடுத்த படத்தின் நிறத்தை, வேறொரு வைத்தியசாலையின் பொறியில் எடுத்த படத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நோயாளி அசையாமற் படுத்திருக்கும்போது எடுக்கப்படுவது இந்தப் படம். நார் தாங்கவேண்டிய சோதனையோ துள்ளலிலும் திருப்பத்திலும் அல்லவா இருக்கின்றது?

எதைக்கொண்டு தீர்மானிப்பது?

ஆகையால், ஆடுகளத்துக்குத் திரும்புவதைத் தனியொரு படத்தைக்கொண்டு வைத்தியர்கள் தீர்மானிப்பதில்லை. முழங்காலைச் சற்று மடக்கிப் பிடித்து, கணைக்காலை முன்னே இழுத்துப் பார்க்கும் லக்மன் சோதனை, படம் காட்டாத தளர்ச்சியைக் கையினாலேயே உணர்த்திவிடும். சத்திரசிகிச்சை செய்த காலின் தொடைத் தசை, மற்றக் காலின் தசைக்கு எவ்வளவு ஈடாக உள்ளது என்று அளப்பர். ஒற்றைக் காலாற் துள்ளி எவ்வளவு தூரம் செல்லமுடிகின்றது என்றும் பார்ப்பர். காலத்தையும் கணக்கிற் கொள்வர்.

2016 இல் வெளியான நோர்வே, அமெரிக்க ஆய்வொன்று இதற்கு நல்ல சான்று. இவ்வகைச் சத்திரசிகிச்சை பெற்ற 106 பேரை இரண்டாண்டு கவனித்ததில், ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் முழங்காற் காயம் ஏற்படும் வீதம் 51 சதவீதம் குறைந்தது. குறித்த சோதனைகளில் தேறாமலே ஆடச் சென்றோரில் 38.2 சதவீதத்தினர் மீண்டும் காயமுற்றனர். தேறிய பின் சென்றோரில் 5.6 சதவீதத்தினரே காயமுற்றனர். இவ்விரண்டு எண்களையும் பெற்றோரும் பயிற்றுநரும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்ப்பாராக.

வைத்தியர் படம் எடுக்கச் சொன்னால், அதற்குக் காரணம் இருக்கும்: மூட்டு மீண்டும் தளர்ந்திருக்கலாம், கால் முற்றாக நீளாதிருக்கலாம், வீக்கம் வற்றாதிருக்கலாம். அத்தகைய வேளைகளிற் படம் பெருந்துணை. சத்திரசிகிச்சை நடந்த திகதியையும் முன்னெடுத்த படங்களையும் கொண்டுசெல்லல் நன்று. எத்தனையாம் மாதத்துப் படம் என்பது தெரிந்தாலன்றி அதன் நிறத்துக்குப் பொருள் கூறல் இயலாது. குறையொன்றும் இல்லாத வேளையில், “விளையாடலாம்” என்னும் ஒரு சொல்லைப் பெறுவதற்காக மட்டும் படத்தின் பின்னே ஓடுவதால், கைப்பணம் கரையுமேயன்றிக் கேட்ட விடை கிடைக்காது.

அப் பணத்தையும் நேரத்தையும் இயன்மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளிற் செலவிடுதல் தகும். வீட்டில் நாள்தோறும் செய்யவேண்டிய அப் பயிற்சிகள் சலிப்பூட்டுவன; ஆறாம் மாதத்தில், நோவும் இல்லாதபோது, அவற்றைக் கைவிட மனம் தூண்டும். பிள்ளை தனித்துச் செய்வதற்குப் பதிலாகத் தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ அருகிருந்து எண்ணிக் கொடுத்தால் அச் சலிப்புப் பாதியாகும். பாடசாலையும் தன் பங்கைச் செய்யலாம். காயமுற்ற மாணவனைக் குழுவிலிருந்து ஒதுக்கிவிடாமல், புள்ளி குறிக்கவும், இளையோருக்குக் கற்பிக்கவும் அழைத்துக்கொண்டால், அவன் அவசரப்பட வேண்டிய தேவை குறையும். ஒன்பது மாதம் இளம் உள்ளத்துக்கு நெடிய காலமே. எனினும், அடுத்த ஆண்டுப் போட்டியிலும் அதற்கடுத்த ஆண்டுப் போட்டியிலும் அவன் ஆட வேண்டுமென்றால், அந்த மாதங்களை நாருக்கு விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.